ஒரே நேரத்தில் எத்தனை ஃபேன்

ஒரே நேரத்தில் எத்தனை ஃபேன் ஓடும் என்று கேட்டார். அவ்வளவுதான். இன்வெர்ட்டர் கடைக்காரர், ஆறுமுகநயினார் என்று பெயர், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் வந்து, ஓடாமல் நின்ற ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார். இதே கேள்வியை இந்த வாரம் எத்தனையோ வீடுகளில் கேட்டிருப்பார். மூன்று என்றோ நாலு என்றோ சொல்லியிருப்பார்கள், அவரும் மனதுக்குள் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போயிருப்பார். நான் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். ஒரே நேரத்தில். நான் ஹாலில் இருந்தால் ஹால் ஃபேன் ஓடும். படுக்கப் போகும்போது அதை நிறுத்திவிட்டுத்தான் போகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு ஃபேன் ஓட வேண்டுமென்றால் இரண்டு இடத்தில் ஆள் இருக்க வேண்டும். "ரெண்டு" என்றேன். "வீட்ல எத்தனை பேரு, அக்கா?" "ரெண்டு பேர்." வாய் தானாகச் சொல்லிவிட்டது. ரேஷன் கடையில், கேஸ் ஏஜென்சியில், வேதக்கோவில் சங்கத்தில், வீட்டில் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய பதில். அக்காவும் நானும், ரெண்டு பேர். அக்கா கல்யாணமாகி மார்த்தாண்டம் போய் மூன்று மாதமாகிறது என்று இவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அதுவும் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கல்யாணம். கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரலாம். சிரிக்காமல் என்னைப் பாவமாகப் பார்க்கவும் பார்க்கலாம். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

அவர் அறை அறையாகப் பார்த்தார். என் அறையைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், "ஃப்ரிட்ஜை இதுல ஓட்டாதீங்க, பேட்டரி சீக்கிரம் இறங்கிரும்" என்றார். பேட்டரியைக் காற்றோட்டமாக வைக்க வேண்டும் என்று பின்கட்டில் ஒரு மூலையைக் காட்டினார். பிறகு அக்காவின் அறைக் கதவைத் தள்ளினார். ஜன்னல்கள் சாத்திக் கிடந்தன. மெத்தையைச் சுருட்டிக் கட்டிலின் ஒரு ஓரத்தில் வைத்திருந்தேன். அக்கா தையல் டீச்சராக இருந்தவள். அவளுடைய மெஷின்மேல் ஒரு பழைய பெட்ஷீட் போர்த்தியிருந்தது. "இங்க யாரு படுப்பாங்க?" "அக்கா." "வெளியூர் போயிருக்காங்களோ?" "ஆமா, மார்த்தாண்டம்." இதில் பொய் எதுவும் இல்லை. அவர் ஹாலுக்குத் திரும்பி வந்து இரண்டு வழி சொன்னார். சின்னதாகப் போட்டால் ஒரு அறையில் ஒரு ஃபேன், ஒரு லைட். பெரிய பேட்டரியாகப் போட்டால் வீடு முழுக்க ஓடும், கரண்ட் போனதே தெரியாது. "மழைக்காலம் வருது. பிறகு எல்லாரும் வருவாங்க, சரக்கு கிடைக்காது. சாயங்காலம் போன் பண்ணுதேன், எதுன்னு சொல்லிருங்கக்கா, நாளைக்கே ஆளோட வந்து மாட்டிருதேன்." "அக்காட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றேன். இதுவும் தானாக வந்ததுதான். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அக்கா, அக்கா என்று வாய்க்கு வாய் கூப்பிட்டார். கடைக்காரர்கள், ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்கள், ஆட்டோக்காரர்கள், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நரைத்த தலையைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். நான் யாருக்கும் அக்கா இல்லை. பிறந்ததிலிருந்து தங்கச்சி. ஹெப்சிபா என்ற பெயரை எப்சி என்று சுருக்கிக் கூப்பிட ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது, அவள் கூப்பிடும் தூரத்தில் இல்லை.

மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். காலையில் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் தருவார்கள். தூத்துக்குடியில் இந்த ஆவணி வெயிலை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது. காற்று இருக்கும், ஆனால் அதில் உப்பு இருக்கும், தோலில் ஒட்டினால் போகாது. நான் முன்வாசல் கதவையும் பின்வாசல் கதவையும் திறந்து வைத்துவிட்டு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு இன்று லீவு போட்டிருக்கிறேன். போயிருக்கலாம். அங்கே கரண்ட் போனால் ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் பின்னால் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கிவிடும், லைட் வந்துவிடும். எக்ஸ்ரே எடுக்கும்போது நான் எல்லாரிடமும் சொல்வது இதைத்தான், மூச்சை இழுங்க, பிடிச்சுக்கோங்க, விடாதீங்க, இப்ப விடுங்க. நாளெல்லாம் மற்றவர்களுடைய மூச்சைப் பிடிக்கவும் விடவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபிலிமை இருட்டறையில்தான் கழுவ வேண்டும். ஒரே ஒரு சிவப்பு பல்ப். மருந்து நெடி மூக்கில் ஏறும். அந்த அறைக்குள் தனியாகப் போகப் பயந்த பெண்கள் இருந்தார்கள், எலி ஓடுகிறது என்பார்கள், யாரோ நிற்பது போலிருக்கிறது என்பார்கள். நான் போவேன். தொட்டியிலிருந்து ஃபிலிமை எடுத்துத் தூக்கிப் பிடித்து, சொட்டச் சொட்ட, யாருடைய விலா எலும்போ மெல்லத் தெளிந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாளும் பயந்ததில்லை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது, இருட்டறையில் துடைப்பமும் பினாயிலும் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட எனக்கு என் வீட்டு இருட்டில் பயம் என்றால் யார் நம்புவார்கள்? அக்கா நம்ப மாட்டாள். "உனக்காடி பயம்? போடி" என்பாள்.

ஆனால் பயம் வந்தது. போன மாதம் ஒரு சாயங்காலம் திடீரென்று கரண்ட் போனது. சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, தீப்பெட்டியை எங்க வச்ச?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றேன். பதில் வராததற்கு அல்ல, நான் காத்துக்கொண்டு நின்றதற்குத்தான் பயந்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஹாலில் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஏதாவது வேலையாக இருக்கிறாள், வாயில் ஊசி வைத்திருக்கிறாள், எடுத்துவிட்டுச் சொல்வாள் என்று என் உடம்பு நம்பிக்கொண்டு நின்றது. பிறகு மனசுக்கு உறைத்தது. தட்டுத் தடுமாறி வாசலுக்கு வந்து கேட்டைத் திறந்து தெருவில் போய் நின்றேன். நைட்டியோடு. டிரான்ஸ்பார்மர் பக்கம் பார்ப்பது போல. பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் அவள் வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டில் லைட் எரிந்துகொண்டிருந்தது. "என்னக்கா, இருட்டுல நிக்கிய? தனியா இருக்கதுக்கு ஒரு இன்வெர்ட்டர் போட்டுருங்களேன்." சரி சரி என்று சிரித்தேன். உள்ளே வாங்க என்று அவள் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா? போயிருக்க மாட்டேன். இந்தத் தெருவில் வருஷக்கணக்காக இருக்கிறோம், யார் வீட்டு வாசற்படியும் நாங்கள் ஏறியதில்லை. தேவைப்படவில்லை. அக்காவுக்கு நான், எனக்கு அக்கா, வேறு யாருக்கும் உள்ளே இடமில்லாதபடி வாழ்ந்துவிட்டோம். அப்படி வாழ்ந்ததை அன்றைக்கு வரை ஒரு பெருமையாகத்தான் வைத்திருந்தேன்.

இருட்டை நான் குறை சொல்லக் கூடாது. போன மார்கழியில் பெய்ததே அந்த மழை, தெருவெல்லாம் ஆறாக ஓடி, தண்ணீர் ஏறி ஏறி எங்கள் வாசலின் கடைசிப் படியில் வந்து நின்றதே, அப்போதும் கரண்ட் இல்லை. ஒரு நாள் இரண்டு நாள் என்று போய்க்கொண்டே இருந்தது. போனில் உயிர் இல்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை அதற்கு முந்தின வாரம்தான் வாசலில் கட்டியிருந்தோம், அது நனைந்து ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. அக்காவும் நானும் ஹாலில் மேசையை ஒட்டி உட்கார்ந்து பேசினோம். பகலெல்லாம் பேசினோம், இருட்டிய பிறகும் பேசினோம், மெழுகுவர்த்தியை மிச்சம் பிடிக்க அணைத்துவிட்டுப் பேசினோம். செத்துப்போன அப்பாவைப் பற்றி, அம்மாவைப் பற்றி, அக்கா பள்ளிக்கூடத்தில் பாவாடைக்கு நாடா கோக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தது, நான் ஒரு கப்பல்காரருக்கு எக்ஸ்ரே எடுத்தபோது அவர் வயிற்றில் மோதிரம் தெரிந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வெளியே தண்ணீர் சத்தம். எனக்கு அது போதும் என்று இருந்தது, கரண்ட் வராவிட்டால்கூடப் போகட்டும் என்று இருந்தது. அப்போதுதான் அக்கா, "எப்சி, உன்ட்ட ஒண்ணு சொல்லணும், வெளிச்சத்துல சொல்ல வரல" என்றாள். எங்கள் சபைப் போதகரின் மனைவி, ஐயரம்மா என்று கூப்பிடுவோம், அவர்தான் பேச்சைக் கொண்டு வந்தாராம். மார்த்தாண்டத்தில் தேவநேசன் என்று ஒருத்தர், ரப்பர் தோட்ட ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், மனைவி இறந்து சில வருஷம், பெண்கள் இரண்டு பேரும் கல்யாணமாகி வெளிநாட்டில். அக்காவை ஒரு கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் பார்த்திருக்கிறார். "எனக்குச் சரின்னு தோணுதுட்டி" என்றாள். அந்தக் குரல் எனக்குப் புதிது. கூச்சமும் சந்தோஷமும் கலந்து, ஒரு சின்னப் பெண் குரல்போல. அந்தக் குரல் அவளுக்குள் இத்தனை வருஷமாக எங்கே இருந்தது?

நான் "ரொம்ப சந்தோஷம்க்கா" என்றேன். குரலை நன்றாகத்தான் வைத்துக்கொண்டேன், ஆஸ்பத்திரியில் பழகிய குரல் அது, பயப்படாதீங்க ஒண்ணுமில்ல என்று சொல்கிற குரல். முகத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை, இருட்டுதானே. அந்த நேரம் பார்த்து டியூப்லைட் இரண்டு தரம் விட்டு விட்டு மின்னி எரிந்தது. ஃபேன் சுற்றத் தொடங்கியது. தெருவெல்லாம் ஓவென்று பிள்ளைகள் கத்தினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். நான் சட்டென்று எழுந்து போய் மோட்டாரைப் போட்டேன், தொட்டியில் தண்ணீர் இல்லை என்று ஏதோ சொல்லிக்கொண்டே. அவளும் போனை சார்ஜில் போட எழுந்தாள். அதைப் பற்றி இரண்டு பேரும் அதற்குப் பிறகு பேசவில்லை. கல்யாணப் பேச்சு நடந்தது, சேலை எடுத்தோம், கோவிலில் பாட வேண்டிய பாமாலை எது எது என்று முடிவு செய்தோம், கல்யாணத்தன்று அவள் பூச்செண்டை நான்தான் வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் சிரிங்க என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அப்போதும் அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

ஒரு மனுஷிக்கு அந்த வயதில் ஒரு துணை வேண்டும் என்று தோன்றினால் அது என்ன குற்றம்? குற்றமில்லை. ஊரில் யாராவது கேலி பேசினால் நான்தான் முதலில் சண்டைக்குப் போவேன். என் நெஞ்சில் குத்துவது அது இல்லை. எத்தனையோ வருஷத்துக்கு முன்பு சாயர்புரத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்களே, ஸ்கூல் வாத்தியார், தலைமுடி நன்றாகப் படிய வாரிக்கொண்டு, காபி டம்ளரைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தாரே, அவரை எனக்குப் பிடித்திருந்தது. யாருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்கு ஆகாமல் எனக்கு எப்படி, அவளை இந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டு நான் எப்படி என்று நானே போதகர் ஐயரிடம் போய், வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்தேன். அக்காவிடம் பொருத்தம் சரியில்லை என்று ஏதோ ஒரு காரணம் சொன்னேன், நமக்குத்தான் ஜாதகமே கிடையாதே என்று அவள் சிரித்தாள். அதோடு போயிற்று. அன்றைக்கு நான் இருந்துவிட்டேன். அவள் போய்விட்டாள். இப்போது ஆறுமுகநயினார் சாயங்காலம் போன் செய்வார், சின்னதா பெரியதா என்று கேட்பார். பேட்டரி அஞ்சு வருஷம் உழைக்கும் என்றார், நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் வரும். பெரியதாகப் போட்டால் அக்கா அறையிலும் ஃபேன் ஓடும். யாருக்காக? அவள் என்றாவது ஒரு நாள் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால் அவள் அறை தயாராக இருக்க வேண்டும் என்றா? ஆமாம், அப்படித்தான் நினைக்கிறேன். அவளுக்கு அங்கே பிடிக்காமல் போக வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோவிலில் தலைகுனிந்து உட்கார்ந்துகொண்டு நினைக்கிறேன். ஜெபம் என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. ஒரு பேட்டரிக்குள் இவ்வளவு கெட்ட எண்ணத்தைப் போட்டு அடைத்துப் பின்கட்டில் வைக்கலாமா? காற்றோட்டமாக வைக்கச் சொன்னார்.

வெயில் சாய்ந்தது. சாயங்காலம் தருவதாகச் சொன்ன கரண்ட் வரவில்லை. எங்கோ கேபிள் பழுதாம், தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். ஹால் முதலில் சாம்பல் நிறமானது, பிறகு மேசையின் கால்கள் தெரியாமல் போயின, பிறகு மேசை. நான் எழுந்து விளக்கேற்றவில்லை. போன் மட்டும் மடியில் கிடந்தது, சார்ஜ் குறைந்து சிவப்புக் கோடு காட்டியது. அது அடித்ததும் திடுக்கிட்டேன். "அக்கா, நயினார் பேசுதேன், இன்வெர்ட்டர். என்ன முடிவு பண்ணிய? அக்காட்ட கேட்டீங்களா?" கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பெரியதே போடுங்க என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தான் வாயைத் திறந்தேன். "இல்லங்க, கேக்கல. அக்கா இங்க இல்ல. அவளுக்குக் கல்யாணம் ஆகிப் போயிட்டா. நான் ஒருத்திதான் இருக்கேன்."  அந்தப் பக்கம் கடையில் யாரோ விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சரிக்கா, அதுக்கென்ன. அப்ப சின்னதே போதும். எந்த ரூமுக்கு?" "என் ரூமுக்கு." "காலைல வாரேன்." வைத்துவிட்டார். இவ்வளவுதானா? மூன்று மாதமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு வாக்கியம், அதைக் கேட்ட முதல் ஆள் சரிக்கா என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.  நான் ஒருத்திதான் இருக்கேன். இருட்டில் இன்னொரு தரம் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். பிறகு, இதை முதலில் யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ அவளைக் கூப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நானாக அவளைக் கூப்பிட்டதே இல்லை. அவள்தான் கூப்பிடுவாள், நான் சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், டியூட்டி இருக்கு என்று வைத்துவிடுவேன்.

"எப்சி? என்னட்டி, நீயா கூப்பிடுத? உடம்புக்கு என்ன?" "உடம்புக்கு ஒண்ணுமில்ல. இங்க காலைல இருந்து கரண்ட் இல்ல." "மெழுகுவர்த்தி இருக்கா?" "இருக்கு. ஏத்தல." அவள் பக்கம் டிவியில் செய்தி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, ஒரு கதவுச் சத்தம் கேட்டது, பிறகு தவளைச் சத்தமும் மழை சொட்டும் சத்தமும் மட்டும். "வெளிய வந்துட்டேன், சொல்லு" என்றாள். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. "இன்வெர்ட்டர் போடச் சொல்லிட்டேன்க்கா. ஒரு ரூமுக்கு மட்டும்." "ம்." "அக்கா, நீ போனது எனக்குப் பிடிக்கல." சொல்லிவிட்டேன். குரலை நன்றாக வைத்துக்கொள்ளவும் இல்லை.  "தெரியும்" என்றாள். "அன்னைக்கு லைட் வந்துச்சுல்லா. அப்பவே தெரியும்." "தெரிஞ்சும் போனியா?" "தெரிஞ்சுதான் போனேன்." எனக்குக் கோபத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஏற்கனவே இருட்டு. அவள் பேசிக்கொண்டே போனாள், மெதுவாக, தையல் பிரிக்கிற மாதிரி. "அன்னைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல எப்சி. உன் மூஞ்சியே கண்ணு முன்னால நின்னுச்சு. காலைல ஐயரம்மாவுக்கு வேண்டாம்னு சொல்லிரணும்னுதான் எழும்புனேன். நீ காபி போட்டு மூடி வச்சிட்டு டியூட்டிக்குப் போயிட்ட. அந்தக் காபியைக் குடிச்சிக்கிட்டே இருந்தேன். உன் மூஞ்சி அங்க இல்லல்லா. இப்ப சொல்லலைன்னா பிறகு சொல்லவே மாட்டேன்னு போனைப் போட்டு, சரின்னு சொல்லிட்டேன்."

"நான் உனக்காக..." என்று தொடங்கினேன், முடிக்கவில்லை. அவள் முடித்தாள். "தெரியும்ட்டி. சாயர்புரத்து வாத்தியார். ஐயர் என்ட்ட அப்பவே சொல்லிட்டாவ. உன்னைக் கூப்பிட்டு, போடி போய்க் கட்டிக்கோன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. நீ இருந்தது எனக்கு வசதியா இருந்துச்சு. ஆனா எப்சி, நான் கேக்கல. ஒரு நாளும் நான் உன்ட்ட கேக்கல. நீயா குடுத்துட்டு, அதை மடியில வச்சிக்கிட்டே நான் கடைசி வரைக்கும் உக்காந்திருக்கணும்னா..." அவள் குரல் உடைந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. ஆமாம், அவள் கேட்கவில்லை. அவளால் தனியாக இருக்க முடியாது என்று முடிவு செய்தது நான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்தேன். தனியாக இருக்கப் பயந்தது அவள்தானா? எத்தனையோ பேருடைய நெஞ்சைப் படம் பிடித்திருக்கிறேன், எலும்பு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று பார்த்த உடனே தெரியும். இது மட்டும் இந்த வயதில், இந்த இருட்டில், போனில் தெரிகிறது. "அங்க நல்லா இருக்கியாக்கா?" என்று கேட்டேன். மூன்று மாதத்தில் நான் கேட்காத கேள்வி. "நல்லாத்தான் இருக்கேன். அவிய நல்ல மனுஷன். சாயங்காலம் ஆச்சுன்னா டிவி முன்னால உக்காந்துருவாவ, நான் யார்ட்ட பேச? இங்க மழை நிக்கவே மாட்டேங்கு. துணி காயாம நாறுது." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். "அத்தான் இப்ப எங்க?" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் முதல் தடவையாக வந்தது, தேவநேசன் சார் என்றுதான் இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கவனித்தாள் என்று அவள் மூச்சில் தெரிந்தது. "உள்ளதான் இருக்காவ" என்றாள். "எப்சி, நான் ஒண்ணு சொல்லட்டா, நீ கோவப்படாத, என்னன்னா..." அதோடு போன் அணைந்துவிட்டது.

பொத்தானை அழுத்திப் பார்த்தேன். ஒரு சின்ன வெளிச்சம் வந்து செத்தது. அக்கா இப்போது திருப்பிக் கூப்பிடுவாள். சுவிட்ச் ஆஃப் என்று வரும். நான் கோபத்தில் வைத்துவிட்டேன் என்று நினைப்பாள். மழைச் சாரலில் முற்றத்தில் நின்றுகொண்டு மறுபடியும் மறுபடியும் அழுத்திக்கொண்டிருப்பாள். நினைக்கட்டும், கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்று ஒரு எண்ணம் வந்தது, இனிப்பாக. அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் வைத்திருக்க முடியவில்லை. எழுந்தேன். சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து, செருப்பு எது என்று தெரியாமல் எதையோ மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். மரியபுஷ்பம் வீட்டில் லைட் எரிந்தது. அவள் வீட்டுக் கேட்டைத் தள்ளினேன். படி ஏறிக் கதவைத் தட்டினேன். யாராவது செத்துப்போன செய்தி கொண்டு வந்தவள் மாதிரி நின்றிருப்பேன்போல, கதவைத் திறந்தவள் பதறிவிட்டாள். "என்னக்கா? உள்ள வாங்க, என்ன ஆச்சு?" "ஒண்ணுமில்ல, என் போன்ல சார்ஜ் போயிருச்சு. எங்க அக்காவுக்கு ஒரு போன் பண்ணணும்." அவள் தன் போனை எடுத்துக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி இடம் செய்தாள். வெளிச்சம் கண்ணைக் கூசியது. என் முகம் அழுது வீங்கியிருக்கும், மரியபுஷ்பம் பார்க்கிறாள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்காவின் எண் மனப்பாடம். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான். ஒவ்வொன்றாக அழுத்தினேன். அவளுக்கு இது தெரியாத எண், யார் எவர் என்று யோசித்துத்தான் எடுப்பாள், எடுக்காமலும் விடலாம் என்று நினைத்துக்கொண்டே காதில் வைத்தேன். முதல் மணி முழுதாக அடித்து முடியவில்லை. "எப்சி?" என்றாள்.